விரல் நுழையும் இடைவெளி: மரக் கயாக்குக்குக் கோமிங் செய்வது

பிளைவுட்டை வெட்டி, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்சிப் பசை பூசி, ஒருவழியாகக் கயாக், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு, ஒரு கயாக் மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. மேல்தளமும் ஒட்டியாயிற்று. இப்போது உங்கள் முன்னால் இருப்பது ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு மூடிய பெட்டி. நீங்கள் உட்கார அதில் துளை போட வேண்டும். துளையைச் சுற்றி ஒரு விளிம்பு கட்ட வேண்டும். அந்த விளிம்புக்குத்தான் கோமிங் என்று பெயர்.

பார்த்தால் சின்ன வேலை. ஆனால் முதல் படகு கட்டுகிறவர்கள் திணறும் இடம் பெரும்பாலும் இதுதான். நானும் திணறினேன். முதல் கோமிங்கின் மேல்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, நான்கு கோட் வார்னிஷ் அடித்து, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் உள்ளே வராமல் துளையை மூடும் துணியான ஸ்ப்ரே ஸ்கர்ட்டை எடுத்து மாட்டினால் மாட்டவில்லை. விளிம்புக்கு அடியில் வழிந்த எபாக்சி வளையம் முழுக்கக் கல்லாக இறுகி உட்கார்ந்திருந்தது. விரல் நுழையாத அந்த இடுக்கில் அரத்தைச் செருகி மூன்று நாள் சுரண்டினேன். அந்த மூன்று நாள் உங்களுக்கு வரக்கூடாது என்பதால், கீழே எந்தப் படியிலும் விளிம்பின் அடிப்பக்கத்தைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு இந்த விளிம்பு

கட்டுமரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அலை ஏறும், மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். கயாக் உள்ளே குடைவான படகு. ஏறிய தண்ணீர் உள்ளேயே தங்கும், தங்கினால் படகு ஆடும், ஆடினால் கவிழும். அதனால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை மாதிரி துணியைக் கட்டி, அதன் வெளி ஓரத்தைக் கோமிங்கில் மாட்டுகிறோம். அதுதான் ஸ்ப்ரே ஸ்கர்ட். அதன் ஓரத்தில் ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடும். கோமிங்கின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அதற்குக் கீழே போய் அந்தக் கயிறு கவ்விக்கொள்ளும்.

யோசனை வட துருவத்து மக்களுடையது. கிரீன்லாந்தில் தோலில் தைத்த துயிலிக் என்ற மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதன் கீழ் ஓரத்தைக் கயாக்கின் வளையத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். ஆளும் படகும் ஒரே உடம்பு. கவிழ்ந்தாலும் துடுப்பைப் போட்டு நிமிர்ந்துவிடலாம், உள்ளே தண்ணீர் போகாது. அவர்களுடைய வளையம் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்துச் செய்தது. படகே எலும்புக்கூடு போன்ற மரச்சட்டத்தின் மேல் தோல் போர்த்தியது என்பதால், வளையத்தைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இன்றும் சட்டத்தின் மேல் நைலான் துணி போர்த்திக் கயாக் கட்டுபவர்கள் அப்படித்தான் ஆவியில் மரத்தை வளைத்து வளையம் செய்கிறார்கள்.

நம்முடையது பிளைவுட் படகு. அதற்கு எளிய வழி அடுக்கு முறை. பிளைவுட்டில் வளையம் வளையமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவது. கீழே மூன்று குறுகிய வளையங்கள், அதன் மேல் தொப்பி மாதிரி ஒரு அகலமான வளையம். கீழே உள்ளவை உயரம் தரும், மேலே உள்ளது வெளியே நீண்டு ஸ்கர்ட்டுக்குப் பிடி தரும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த முறையைப் பற்றித்தான்.

இன்னொன்றும் உண்டு. துளை போட்ட மேல்தளம் பலவீனமானது. அந்தத் துளையின் ஓரத்தில்தான் நீங்கள் ஏறும்போது பின்புறத்தை வைத்து உட்காருவீர்கள், படகைத் தோளில் தூக்கும்போதும் அந்த ஓரத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பாரத்தையெல்லாம் தாங்குவதும் கோமிங்கின் வேலைதான்.

முதலில் உடம்பு, அப்புறம் படகு

அளவை வரைபடத்தில் இருந்து அப்படியே எடுக்காதீர்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தால் போதும். அதில் 78 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஒரு துளை வெட்டுங்கள். பின்பக்கம் அகன்று முன்பக்கம் கொஞ்சம் குறுகி, ஒரு முட்டையைப் படுக்கப் போட்ட மாதிரி. உங்கள் மேல்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் அட்டையை இரண்டு பக்கமும் புத்தகம், ஸ்டூல் ஏதாவது வைத்து நிறுத்துங்கள். உள்ளே தரையில் ஒரு மெல்லிய பலகை போட்டு உட்காருங்கள்.

முதலில் பின்புறம் உள்ளே போக வேண்டும், அப்புறம் முழங்காலை மடக்கி ஒவ்வொரு காலாக உள்ளே நீட்ட வேண்டும். முழங்கால் முன் ஓரத்தில் இடித்தால் நீளத்தை இரண்டு மூன்று செ.மீ. கூட்டுங்கள். உயரமானவர்களுக்கு 82 செ.மீ. வரைகூடத் தேவைப்படும். அதேபோல வெளியே வருவதையும் நாலைந்து முறை செய்து பாருங்கள். தண்ணீரில் கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது நீங்கள் செய்யப்போவதும் இதே அசைவுதான். தரையிலேயே சிக்கிக்கொள்ளும் துளையை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகக்கூடாது.

கிரீன்லாந்துப் பாணியில் 50 செ.மீ. நீளமுள்ள சின்னத் துளைகளும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் அதில் கால்களை நேராக நீட்டிக்கொண்டே பாம்பு புற்றுக்குள் போவது மாதிரி நுழைய வேண்டும். முதல் படகுக்கு வேண்டாம்.

மற்ற அளவுகள் நான் பயன்படுத்துபவை. கீழ் வளையங்களின் பட்டை அகலம் 20 மி.மீ., மூன்று வளையமும் சேர்ந்த உயரம் 18 மி.மீ. மேல் வளையம் அதைத் தாண்டி வெளியே 18 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே அதன் பட்டை அகலம் 38 மி.மீ. உள்ளே 78 × 40 என்றால் வெளி ஓரம் ஏறக்குறைய 86 × 48 வரும். அந்த 18 மி.மீ. உயரமும் 18 மி.மீ. நீட்டமும் சேர்ந்து உண்டாக்கும் பள்ளத்தில் உங்கள் ஆள்காட்டி விரல் தாராளமாக ஓட வேண்டும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால் எலாஸ்டிக் நழுவும்.

கடையில் ஸ்கர்ட் வாங்கப்போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஸ்கர்ட்டுக்கு ஏற்றபடி வளையத்தை வெட்டுவது எளிது, வளையத்துக்கு ஏற்ற ஸ்கர்ட்டைத் தேடுவது அலைச்சல்.

வாங்க வேண்டியவை

பிளைவுட் 6 மி.மீ. கனத்தில், ஐ.எஸ். 710 முத்திரை போட்டது. அதுதான் நம் ஊரில் மரைன் பிளைவுட்டுக்கான தரம், 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குப் பிரியக்கூடாது என்பது அதன் சோதனைகளில் ஒன்று. முத்திரை இருந்தும் சந்தேகமாக இருந்தால் கையகலத் துண்டு ஒன்றைச் சமையலறையில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டுப் பாருங்கள். ஓரம் மலர்ந்தால் அந்தப் பலகையை அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியாகும் ஒகுமே மரப் பலகை இதைவிட எடை குறைவு, நன்றாக வளையும், விலையைக் கேட்டால்தான் மனம் வளையாது.

எபாக்சி வாங்கும்போது கவனம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன, அதனால் கடலோர ஊர்களில் 'ரெசின்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினாக இருக்கும். ஃபைபர் அச்சுக்கு அது சரி. மரத்தில் அது எபாக்சி மாதிரி பிடிக்காது, ஈரம் பட்டுக் காய்ந்து ஈரம் பட்டுக் காய்ந்து ஒருநாள் பட்டையாக உரிந்து வரும். எபாக்சிதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். பாலியெஸ்டரில் சில சொட்டு வினையூக்கி விட்டால் இறுகும். எபாக்சியில் ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் துல்லியமாகச் சேர வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் அது காயவே காயாது, பிசுபிசுவென்று ரப்பர் மாதிரி நிற்கும். விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

கூடவே நல்ல மாவாகச் சலித்த மரத்தூள், ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபைபர் கிளாஸ் துணி ஒரு மீட்டர், நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, 80, 120, 220 எண் உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப், பிரவுன் டேப். கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். எபாக்சி தோலில் பட்டுப்பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க அதன் பக்கம் போக முடியாது. தேய்க்கும்போது மூக்குக்குத் துணி கட்டினால் போதாது, தூசிக்கான முகமூடியே வேண்டும்.

அப்புறம், ஒட்டு காயும்வரை வளையங்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். வளையத்தைச் சுற்றி ஐந்தாறு செ.மீ.க்கு ஒன்று என்று குறைந்தது 35 வேண்டும். கடையில் வாங்கினால் படகின் விலையைத் தாண்டும். கழிவுநீர்க் குழாய்க்குப் போடும் 110 மி.மீ. பி.வி.சி. பைப் ஒரு மீட்டர் வாங்கி, 2.5 செ.மீ. அகல வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தில் குறுக்கே வெட்டிவிடுங்கள். விரித்து மாட்டினால் நண்டு மாதிரி கவ்விக்கொள்ளும். கனமான பைப்பாகப் பாருங்கள், மெல்லியதற்குப் பிடி இருக்காது. இதற்குமேல் ஏழெட்டு நல்ல இரும்பு கிளாம்ப் இருந்தால் வளைவு அதிகமான முன்பக்கத்துக்கு உதவும்.

அச்சு வரைவது

சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து வரையாதீர்கள். மேல்தளத்தின் மேலேயே டேப் போட்டு ஒட்டி, அங்கேயே வரையுங்கள். கயாக்கின் முன்தளம் வில்லாக வளைந்திருக்கும், பின்தளம் ஏறக்குறையத் தட்டை. தரையில் வரைந்த வடிவத்தை அந்த வளைவில் படுக்க வைத்தால் அகலம் சில மி.மீ. குறைந்துவிடும்.

நடுக்கோடு ஒன்று இழுத்து, ஒரு பக்கத்தை மட்டும் வரைந்து, காகிதத்தை அதன்மேல் மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். வளைவை வரைய மெல்லிய மூங்கில் தப்பை ஒன்றைப் போதும் போதும் என்னும் அளவுக்கு வளைத்துப் பிடித்து, அதன் ஓரமாகவே பென்சிலை ஓட்டுங்கள். தப்பை தானாக எடுக்கும் வளைவில் கோணல் வராது.

இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். எலாஸ்டிக் கயிறு இழுபட்டு நிற்கும்போது அது வளைவான இடங்களில் மட்டும்தான் உள்நோக்கி அழுத்தும். கோடு நேராகப் போகும் இடத்தில் கயிறு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், பிடி இருக்காது. பக்கவாட்டில் நேர்கோடாகவோ, அதைவிட மோசமாக உள்ளே குழிந்தோ வரைந்துவிட்டால் ஒரு அலை விழும்போது ஸ்கர்ட் கழன்றுகொள்வது அந்த இடத்தில்தான். அதனால் எங்குமே நேர்கோடு வேண்டாம். பக்கவாட்டிலும் லேசாக வெளியே புடைத்திருக்கட்டும். அதேபோல முனைகளில் சட்டென்று திரும்பும் கூர்மையும் வேண்டாம்.

காகிதம் சரியாக வந்ததும் அதை ஒரு மெல்லிய பலகையில் ஒட்டி வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். உள் ஓரம், கீழ் வளையத்தின் வெளி ஓரம், மேல் வளையத்தின் வெளி ஓரம் மூன்றையும் அதிலேயே குறித்துவிடலாம்.

வெட்டுவது

மேல் வளையத்தை ஒரே துண்டாக வெட்டுங்கள். அதில் மூட்டு இருந்தால் கண்ணுக்கும் தெரியும், உடைவதானால் முதலில் உடைவதும் அங்கேதான். கீழ் வளையங்களை இரண்டு பாதிகளாக வெட்டினால் பலகை நிறைய மிச்சமாகும். ஒரு அடுக்கின் மூட்டு முன்னும் பின்னும் வந்தால் அடுத்த அடுக்கின் மூட்டு இடமும் வலமும் வரட்டும். செங்கல் சுவரில் மூட்டு மாற்றிக் கட்டுவது போலத்தான். வளையத்தின் நடுவில் விழும் கழிவையும் எறிந்துவிடாதீர்கள், இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் ஆகும்.

ஜிக்சா என்ற மின்ரம்பத்தில் சின்னப் பல் பிளேடு போட்டு, கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே வெட்டுங்கள். கீழ் வளையங்கள் மூன்றையும் இருபக்க டேப்பால் ஒன்றாக ஒட்டி, அரத்தையும் உப்புத்தாளையும் போட்டு மொத்தமாகக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தனித்தனியாகத் தேய்த்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். உள் ஓரத்தை இப்போது துல்லியமாக்க வேண்டியதில்லை, அது கடைசியில்.

மேல்தளத்தில் துளை

கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். வெட்டியதுமே மேல்தளம் கொஞ்சம் தளர்வதைப் பார்ப்பீர்கள், வில்லின் நாணை அறுத்த மாதிரி. மேல்தளத்துக்கு அடியில் முன்பக்கக் குறுக்குக்கட்டை சரியாக ஒட்டியிருந்தால் பெரிதாக விரியாது. ஆனாலும் வெட்டுவதற்கு முன் படகின் அகலத்தை அந்த இடத்தில் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, வெட்டியபின் திரும்ப அளந்து பாருங்கள். விரிந்திருந்தால் கயிற்றைச் சுற்றி முறுக்கிப் பழைய அளவுக்கு இழுத்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். கோமிங் ஒட்டியபின் படகு எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில்தான் கடைசிவரை இருக்கும்.

ஒட்டுவதற்கு முன்பே தேய்க்க வேண்டிய பக்கம்

நான் முதல் தடவை தாண்டிப் போன படி இது.

மேல் வளையத்தின் அடிப்பக்கத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கப்போகும் 18 மி.மீ. பட்டையை இப்போதே தேய்த்து, ஓரத்தை உருட்டி, இரண்டு கோட் எபாக்சி பூசிக் காயவிட்டு, மறுபடி தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள். ஒட்டு படவேண்டிய உள்பக்க 20 மி.மீ. மட்டும் சொரசொரப்பாக இருக்கட்டும், அங்கே டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளலாம். மேஜைமேல் கவிழ்த்து வைத்துச் செய்தால் அரைமணி நேர வேலை. ஒட்டியபின் இதே வேலையைச் செய்யவேண்டுமானால் ஐஸ்கிரீம் குச்சியில் உப்புத்தாள் சுற்றிக்கொண்டு தலைகீழாகப் படுக்க வேண்டும்.

பிளைவுட்டின் வெட்டு ஓரங்களில் எபாக்சியைத் தாராளமாகக் குடிக்க விடுங்கள். ஒரு கோட் பூசிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். இன்னொன்று, மூன்றாவதும். பிளைவுட் அழுகுவது எப்போதும் ஓரத்தில் இருந்துதான்.

முதல் நாள் ஒட்டு

முதலில் ஒட்டு இல்லாமல் மூன்று வளையங்களையும் வைத்து, எல்லாக் கிளாம்பையும் மாட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் வளைய மறுக்கிறது, எங்கே இரும்பு கிளாம்ப் வேண்டும் என்று அப்போது தெரியும். முன்தளத்தின் வளைவு அதிகமாக இருந்து 6 மி.மீ. பலகை முறுக்கிக்கொண்டு நின்றால், அதே உயரத்துக்கு 4 மி.மீ. பலகையில் நான்கைந்து அடுக்காக மாற்றிவிடுங்கள். பலம் போட்டு நெளிப்பதைவிட அது நல்லது.

நேரம் முக்கியம். காலை வெயிலில் தொடங்கினால் மரம் சூடேறச் சூடேற அதனுள் இருக்கும் காற்று விரிந்து எபாக்சி வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும். வெயில் இறங்கும் நேரத்தில், மரம் குளிரத் தொடங்கும்போது பூசினால் எபாக்சியை மரமே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சென்னை மாதிரி ஊரில் மாலை நாலரை ஐந்துக்கு மேல் நிழலில் வைத்து ஒட்டுங்கள். ஒரே கப்பில் அரை கிலோ கலக்காதீர்கள். எபாக்சி இறுகும்போது சூடாகும், ஆழமான கப்பில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பத்து நிமிடத்தில் புகையத் தொடங்கும். 100 கிராமாகக் கலந்து, கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிவிட்டால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

ஒட்டவேண்டிய எல்லாப் பரப்பிலும் முதலில் வெறும் எபாக்சியைப் பூசுங்கள். அப்புறம் மீதியில் மரத்தூளைச் சேர்த்துக் கெட்டிச் சட்னிப் பதத்துக்குக் கொண்டுவந்து, அதை ஒரு பக்கத்தில் மட்டும் தடவி, வளையத்தை வையுங்கள். முதல் பூச்சு இல்லாமல் நேராகக் கெட்டியானதைத் தடவினால் காய்ந்த மரம் அதில் உள்ள எபாக்சியை உறிஞ்சிவிடும், ஒட்டு வெறும் தூளாக நிற்கும்.

மூன்று அடுக்கையும் ஒரே மூச்சில் வைத்துவிடலாம். எபாக்சி பட்டதும் எல்லாமே சோப்பு மாதிரி வழுக்கும். அதனால் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு சின்ன ஆணி அடித்து இடத்தில் நிறுத்திவிட்டு, முன்நடுவில் தொடங்கி இரண்டு பக்கமுமாகப் பின்னோக்கிக் கிளாம்பை மாட்டிக்கொண்டே போங்கள். கிளாம்பின் பல் படும் இடத்தில் பிரவுன் டேப் ஒட்டியிருந்தால் அது படகோடு ஒட்டிக்கொள்ளாது. ரொம்ப முறுக்கவும் வேண்டாம். ஓரம் முழுக்க மணிமணியாக எபாக்சி பிதுங்கினால் போதும். மொத்தத்தையும் பிழிந்து வெளியே தள்ளிவிட்டால் உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

பிதுங்கியதை இப்போதே, ஈரமாக இருக்கும்போதே வழித்துவிடுங்கள். வெளிப்பக்கத்தில், வளையம் மேல்தளத்தைத் தொடும் மூலையில், உருண்டை முனைக் குச்சி ஒன்றை ஓட்டினால் சின்னதாக ஒரு குழிவான பட்டை விழும். அதன் ஆரம் 3, 4 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். மற்ற மூட்டுகளில் போடுவதுபோலப் பெரிதாக நிரப்பினால் எலாஸ்டிக் உட்காரவேண்டிய பள்ளமே மேடாகிவிடும். அப்புறம் டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடித்து ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள். வழிந்த சொட்டுகள் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

இரண்டாம் நாள்: மேல் வளையம்

கிளாம்பைக் கழற்றியதும் கையால் தடவிப் பாருங்கள். மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு இருந்தால் அது ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டாயம் வரும். உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரும் நார் ஸ்பாஞ்சும் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு மரத்துக்குள்ளேயே தேய்ந்து இறங்கும், அடுத்த பூச்சு பிடிக்காது.

வளையங்களின் வெளிச்சுவரை இப்போது முழுமையாகத் தேய்த்து முடித்துவிடுங்கள். மேலே இன்னும் தொப்பி வரவில்லை, கை தாராளமாகப் போகும். இந்த வாய்ப்பு திரும்ப வராது. தேய்த்து, ஒரு கோட் எபாக்சி பூசி, அது இறுகியபின் மேல் வளையத்துக்குப் போகலாம்.

மேல் வளையம் அகலமானது என்பதால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முன்பக்கத்தில் வளைவு கடினமாக இருந்தால் அதன்மேல் ஈரத் துணியைப் போட்டுச் சுடச்சுட வெந்நீரை ஊற்றி, கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஒட்டினால் பாதி வளைவு ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஒட்டும் முறை நேற்றைப் போலத்தான். ஒரே வித்தியாசம், இன்று எபாக்சியைக் கொஞ்சமாகத் தடவுங்கள், அதுவும் பட்டையின் உள்பாதியில் கூடுதலாக. பிதுங்குவது துளையின் உள்பக்கமாகப் பிதுங்கட்டும், அங்கே அரம் போடலாம். வெளியே பிதுங்கியதை விரலில் துணி சுற்றி, வினிகரில் நனைத்து, சுற்றிச் சுற்றித் துடையுங்கள். வினிகர் இறுகாத எபாக்சியை நன்றாகவே எடுக்கும். துடைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி பிதுங்கியிருக்கும். மறுபடி துடையுங்கள். ஒரு மணி நேரம் படகைவிட்டு எங்கேயும் போகாதீர்கள்.

உள்பக்கம்

ஒட்டெல்லாம் இறுகியபின் துளையின் உள்சுவர் படிக்கட்டு மாதிரி இருக்கும். மேல்தளம் 5 மி.மீ. நீண்டு, ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு அளவில். மர அரத்தால் மொத்தத்தையும் ஒரே சுவராகக் கொண்டுவாருங்கள். இது எனக்குப் பிடித்த வேலை. பிளைவுட்டின் அடுக்குகள் கோடு கோடாக, வெளிறியதும் பழுப்புமாக மாறி மாறித் தெரிய ஆரம்பிக்கும், கோடு எங்கே அகலமாகிறதோ அங்கே மேடு இருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

மேல் ஓரத்தையும் கீழே மேல்தளத்தின் அடி ஓரத்தையும் நன்றாக உருட்டிவிடுங்கள். முழங்காலும் தொடையும் உரசப்போவது அங்கேதான். கூரான ஓரத்தில் துணி எபாக்சியோடு படியவும் படியாது.

இப்போது ஃபைபர் கிளாஸ். துணியை நேர் இழையில் பட்டையாக வெட்டினால் வளைவில் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். குறுக்கு வாட்டத்தில், 45 பாகை சாய்வாக, 8 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். ரவிக்கைக்குக் குறுக்குப் பட்டி வெட்டும் டெய்லரைக் கேட்டால் ஏன் என்று சொல்வார். இந்தப் பட்டையை மேல் வளையத்தின் மேல்பக்கத்தில் இருந்து தொடங்கி, உள்சுவர் வழியாக இறக்கி, மேல்தளத்தின் அடிப்பக்கம் மூன்று செ.மீ. போகும்படி ஒட்டுங்கள். அடிப்பக்கம் ஒட்டும்போது படகைக் கவிழ்த்து வைத்துக்கொண்டால் புவியீர்ப்பு உங்கள் கட்சி. ஒரு பட்டை முடியும் இடத்தில் அடுத்தது இரண்டு செ.மீ. மேலேறி வரட்டும். இந்த ஒரு சுற்றுத் துணி போட்ட கோமிங்கின் மேல் முழு எடையோடு உட்காரலாம். போடாததன் மேல் உட்கார்ந்தால் ஒருநாள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

துணியின் நெசவு மறையும்வரை இன்னும் இரண்டு கோட். அப்புறம் கழுவி, 120, 220 எண் தாள்களில் தேய்த்து முடிக்கலாம்.

வார்னிஷ்

எபாக்சி தண்ணீரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. அப்படியே விட்டால் சில மாதங்களில் வெளுத்துப் பொடியாக ஆரம்பிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மரைன் வார்னிஷ் மூன்று கோட்டாவது வேண்டும், அல்லது பெயின்ட். மரத்தின் அழகு மறைந்துவிடுமே என்றால் மேல்தளத்துக்கு வார்னிஷும் கோமிங்குக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட்டும் அடிப்பவர்கள் உண்டு. தேய்மானம் அதிகம் உள்ள இடம், பெயின்ட்டைத் திரும்ப அடிப்பது எளிது. அடிப்பக்கத்துக்கும் மறக்காமல் அடியுங்கள், கீழே ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டே.

மாட்டிப் பார்ப்பது

வார்னிஷ் ஒரு வாரம் நன்றாக இறுகட்டும். அப்புறம் படகைப் புல்தரையில் வைத்து, உட்கார்ந்து, ஸ்கர்ட்டை மாட்டுங்கள். பின்பக்கத்தில் தொடங்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே முன்னால் வந்து கடைசியில் முன்முனையில் மாட்ட வேண்டும். முன்னால் மாட்டும்போது பின்னால் கழன்றுகொண்டால், பின்வளைவில் பள்ளம் ஆழம் போதவில்லை, அல்லது அங்கே இறுகிய சொட்டு ஏதோ மிச்சம் இருக்கிறது. விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று ஓட்டினால் இடம் தெரிந்துவிடும். பக்கவாட்டில் தொய்வாக நின்றால் எலாஸ்டிக்கைக் கொஞ்சம் இழுத்து முடிச்சுப் போடலாம்.

ஸ்கர்ட்டின் முன்முனையில் ஒரு கைப்பிடி வார் இருக்கும். அது எப்போதும் வெளியே தெரியும்படி கிடக்க வேண்டும். உள்ளே மடிந்து மாட்டிக்கொண்டால் கவிழும்போது பிடிக்க ஒன்றுமே இருக்காது. அதைப் பிடித்து முன்னோக்கித் தள்ளி மேலே இழுத்தால் ஸ்கர்ட் ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை செய்யுங்கள். வீட்டில் யார் குறைந்த பலம் உள்ளவரோ, அவரும் படகை ஓட்டப்போகிறார் என்றால், அவரையும் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். இழுத்தும் வரவில்லை என்றால் எலாஸ்டிக் அதிக இறுக்கம், தளர்த்துங்கள். அதில் சமரசம் கிடையாது.

தண்ணீரில் முதல் சோதனை இடுப்பளவு ஆழத்தில், அலை இல்லாத இடத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, பக்கத்தில் நின்று தூக்கிவிட ஒருவரை வைத்துக்கொண்டு. முதல் தடவை ஸ்கர்ட் இல்லாமல் கவிழ்ந்து வெளியே வாருங்கள், இரண்டாம் தடவை ஸ்கர்ட் மாட்டிக்கொண்டு. வெளியே வரும்போது தொடை எங்காவது உரசினால் அந்த இடத்தைக் கரைக்கு வந்ததும் பென்சிலால் குறித்துவிடுங்கள். ஈரம் காய்ந்தபின் அரமும் 120 எண் தாளும் போட்டு இன்னும் கொஞ்சம் உருட்டி, திரும்ப எபாக்சியும் வார்னிஷும் பூசினால் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பை மேல் வளையத்தின் வெளி ஓரமாகச் சுற்றி அளந்து பாருங்கள். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தச் சுற்றளவையும் வெளி நீள அகலத்தையும் மேல்தளத்தின் அடியில், இருக்கைக்கு மேலே, அழியாத மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த ஸ்கர்ட் வாங்கக் கடையில் அளவு கேட்கும்போது படகை அவிழ்த்து இறக்க வேண்டியிருக்காது, குனிந்து படித்துக்கொள்ளலாம்.